அப்பாயி 78, மாமா 104

எங்கள் வீட்டில் லயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நாங்கள் குடியிருப்பது. பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், வரிசையாக எட்டு வீடு, மேலே தகரம். லைன் என்ற ஆங்கிலச் சொல்லை இலங்கை மலையகத்து நாக்கு லயம் என்று ஆக்கிக்கொண்டது. அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தபோது என் அப்பாயி, அப்பாவின் அம்மா, அந்தச் சொல்லையும் கூடவே கொண்டுவந்தாள். இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்த லயம்: பாட்டின் வேகம், தாளத்தின் நடை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதைத் தொடாமல் அதைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் அப்பாயியும் ஒரு ஆள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் கோத்தகிரிக்கு வந்தார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968-லேயே நீலகிரியில் தேயிலை போடத் தொடங்கியிருந்தது. அப்பாயியின் இடுப்பில் அப்போது என் அப்பா. மூட்டையில் இரண்டு கம்பளி. தலைக்குள் நாற்பது ஐம்பது பாட்டு.

அந்தப் பாட்டுகளைத்தான் நான் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். பகலில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. இரவில் பழைய லேப்டாப், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, மைக் ஒன்று, வயர் வைத்த ஹெட்போன் ஒன்று. இவ்வளவுதான் என் ஸ்டுடியோ.

போன கார்த்திகையில் ஒருநாள், மழை விட்ட நேரமாகப் பார்த்து, அடுப்படியில் உட்கார்ந்து அப்பாயி ரதி புலம்பல் பாடினாள். காமன் கூத்தில் சிவன் காமனை எரித்த பிறகு ரதி அழுவது. இலங்கைத் தோட்டத்தில் மாசி மாதம் விடிய விடிய கூத்து நடக்குமாம். ரதி வேடம் கட்டுவது ஆம்பளைதான். அப்பாயி சின்னப் பிள்ளையாக முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டே மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணிவிட்டாள். மைக்கைக் கண்டால் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. அதனால் போனை அரிசி டப்பா மேல் வைத்துப் பதிவு செய்தேன். நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி.

தப்பு என்கிற பறை இல்லாமல் காமன் பாட்டு நிற்காது. தப்பு அடிக்க மாமா இருக்கிறார், அம்மாவின் தம்பி. ஆனால் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியவில்லை. எண்பத்தொரு வயது அப்பாயியை அந்தக் குளிரில் வெளியே உட்கார வைக்க முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் தப்பை அடித்தால் போனில் அவள் குரலே விழாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமாவைப் பிரட்டுக்களத்துக்குக் கூட்டிப்போனேன். காலையில் பேர் வாசித்து ஆளை வேலைக்கு அனுப்பும் திடல் அது. அதற்கு எதிரே பழைய டீ பேக்டரி. மாமா காய்ந்த சருகைக் கூட்டித் தீ வைத்து, தப்பைக் காட்டிச் சூடேற்றி, தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி, அப்புறம் ஆறு நிமிடம் நிறுத்தாமல் அடித்தார். இந்த ஊர் ஈரத்தில் தோல் பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

இரண்டு பதிவும் அருமை. ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் போட்டேன். சகிக்கவில்லை.

வேகத்தை அளப்பதுதான் முதல் வேலை. நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதைத்தான் பிபிஎம் என்கிறோம். மென்பொருளே கண்டுபிடித்துச் சொல்லும். ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். 70-ஐ 140 என்று சொல்லும், 140-ஐ 70 என்று சொல்லும், மூன்று மூன்றாகப் போகும் நடையாக இருந்தால் இரண்டும் இல்லாமல் வேறொன்று சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு பாட்டோடு சேர்ந்து கீபோர்டில் தட்டுங்கள். உங்கள் கை எங்கே விழுகிறதோ அதுதான் தட்டு. அப்படித் தட்டிப் பார்த்ததில் அப்பாயி சராசரியாக 78, மாமா 104.

அதற்கும் முன்னால் ஒரு குழியில் விழுந்து ஒரு வாரம் போனது. கணினி ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் தடவை அளந்து வைக்கிறது. அந்த அளவுகள்தான் மாதிரிகள். போன் பதிவு நொடிக்கு 48,000 மாதிரிகள். என் புராஜெக்ட் 44,100. சாதாரணமாக ரீப்பர் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் நான் நடுவில் ஒரு இலவச ஆப்பில் கோப்பை மாற்றியதில் அந்த 48,000 என்ற விவரம் தொலைந்துபோய், பாட்டு எட்டு சதவீதம் மெதுவாக ஓடியது. சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் (ஹார்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம் ஒரு அரைச்சுரம்) இறங்கிவிட்டது. 78 என்பது 72 ஆகக் காட்டியது. குரல் அப்பாயியின் அக்கா பாடுகிற மாதிரி கனமாக இருந்தது. அம்மா கேட்டுவிட்டு, "இது யாரு பாடுறது?" என்றாள். அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. இரண்டு பதிவின் வேகம் ஒத்துவரவில்லை என்றால் முதலில் மாதிரி விகிதத்தைப் பாருங்கள், அது முடிந்த பிறகு மற்றதைப் பாருங்கள்.

சரி, 78-ம் 104-ம். எல்லாரும் முதலில் செய்வதைத்தான் நானும் செய்தேன். தப்பை இழுத்து 78-க்குக் கொண்டுவந்தேன்.

இழுப்பதில் இரண்டு வகை. பழைய வகை, டேப்பை மெதுவாக ஓட்டுவது. வேகம் குறைந்தால் சுருதியும் குறையும். ஏறக்குறைய 6 சதவீத வேகத்துக்கு ஒரு அரைச்சுரம். 104-ஐ 78 ஆக்கினால் நாலில் மூன்று. அது சட்ஜமத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் இருக்கும் அதே விகிதம். ஆக, தப்பு ஒரு மத்தியமம் அளவுக்குக் கீழே இறங்கும். போட்டுக் கேட்டேன். தப்பு போய், ஏதோ பெரிய கோயில் முரசு மாதிரி ஆகிவிட்டது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் மாமாவின் தப்பு அது இல்லை.

சுருதியைத் தொடாமல் நேரத்தை மட்டும் இழுப்பது புது வகை. இதற்கு அடிப்படையான ஃபேஸ் வோகோடர் முறையை பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் 1966-ல் வெளியிட்டார்கள். அதே 1966-ல் லண்டனில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டுக்காக, வேகமும் சுருதியும் வெவ்வேறான இரண்டு பதிவுகளை டேப் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒட்டவைத்தார்கள். பழைய வழியின் பெரிய சாதனையும் புது வழியின் பிறப்பும் ஒரே வருடத்தில்! நேர இழுப்பு எப்படி வேலை செய்கிறது என்றால், ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, ஒன்றோடொன்று மேலேறவிட்டு, இடைவெளியை மாற்றி மறுபடியும் கோக்கிறது. நீண்டு ஒலிக்கும் புல்லாங்குழலுக்கும் சுருதிப் பெட்டிக்கும் இது ஒத்துவரும். தப்பில் அடி விழும் இடம் ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குதான். அந்த இடத்தைத் துண்டு போட்டு மேலேறவிட்டால் அடி கரைந்துவிடுகிறது. மெல்லிய சிண்டுக்குச்சியின் 'டிக்' என்ற நுனி, 'ட்ரிஃக்' என்று உராய்கிற மாதிரி ஆனது. தடித்த அடிக்குச்சியின் 'டண்' முன்னால் ஒரு சின்ன மூச்சு. சினிமாவில் யாரோ தண்ணீருக்கு அடியில் பறை அடிப்பதுபோல் இருந்தது.

அப்படியானால் குரலை இழுத்துத் தப்பின் பக்கம் கொண்டுவரலாமா? செய்து பார்த்தேன். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: தயவுசெய்து குரலைத் தொடாதீர்கள். ஐந்து சதவீதம் வரை காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மெய்யெழுத்துகள் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் வல்லினம் இரட்டித்து வருகிற இடங்கள் இருக்கின்றன, 'பத்தி', 'விட்டு', 'எட்டி' என்று. அங்கே வாய் அடைத்துத் திறக்கும் நேரம்தான் சொல்லையே செய்கிறது. அதைச் சுருக்கினால் 'விட்டு' கிட்டத்தட்ட 'விடு' ஆகிவிடுகிறது. அப்பாயி மூச்சு இழுப்பதுகூட அவசரமாகக் கேட்டது, மலையேறி வந்தவள் மாதிரி. ரதி அழவில்லை, ஓடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மூன்றாவது நாள் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கணக்கு தானாக விழுந்தது. 78-ம் 104-ம் மூன்றுக்கு நாலு. நான் ஏன் இழுக்க வேண்டும்?

இதைக் கணக்காகச் சொல்வதைவிட வாயால் சொல்வது எளிது. அப்பாயியின் ஒரு தட்டுக்குள் 'தகதிமி' என்று நாலு எழுத்துச் சொல்லுங்கள். மாமாவின் ஒரு தட்டுக்குள் 'தகிட' என்று மூன்று எழுத்து. நாலு தகிட, மூன்று தகதிமி, இரண்டும் பன்னிரண்டு. நிமிடத்துக்கு 78 தட்டு, தட்டுக்கு நாலு எழுத்து என்றால் 312 எழுத்து. 104 தட்டு, தட்டுக்கு மூன்று எழுத்து என்றாலும் அதே 312. எழுத்தின் வேகம் ஒன்றுதான். சேர்த்துக் கட்டுவதில்தான் வித்தியாசம். சதுசிரமும் திசிரமும் என்று சங்கீதக்காரர்கள் சொல்வது இதைத்தான். அப்பாயியின் மூன்று தட்டு 2.3 நொடி, மாமாவின் நாலு தட்டும் 2.3 நொடி. அந்த இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள், அப்புறம் பிரிவார்கள், மறுபடியும் சேர்வார்கள்.

எங்கள் மலை ரயிலே அப்படித்தான் ஓடுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் போட்டிருக்கும். எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் ஒரு ஜோடி சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தை ஓட்டும், இன்னொரு ஜோடி பல்சக்கரத்தை ஓட்டும். இரண்டுக்கும் வேகம் வேறு. ரன்னிமேடு பக்கம் பாதையோரம் நின்று கேட்டால் இரண்டு மூச்சு தெரியும். ஒன்றையொன்று துரத்தி, ஒரு இடத்தில் ஒன்றாகி, மறுபடியும் விலகும். சின்ன வயதில் அதைக் கேட்டு எஞ்சின் திக்கித் திக்கிப் பேசுகிறது என்று நினைப்பேன்.

எனக்கு மூன்றுக்கு நாலு என்று அமைந்தது அதிர்ஷ்டம். உங்களுக்கு 92-ம் 117-ம் கிடைக்கலாம். அப்போதும் 117-ஐ 92-க்கு இழுக்காதீர்கள். அது 21 சதவீதம், தப்பு மாதிரி வாத்தியம் பிழைக்காது. 92-க்கு மூன்றுக்கு நாலு என்ன என்று பாருங்கள், 122.7. 117-ஐ அங்கே ஏற்ற ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகத் தள்ளினால் போதும். இரண்டு பாட்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால், பக்கத்திலேயே ஏதாவது ஒரு சின்ன விகிதம் காத்துக்கொண்டிருக்கும். பாதி, இரட்டை, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நாலு. இவற்றில் எது குறைந்த இழுப்பைக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் இழுக்காமல் இரண்டையும் சேர்த்து வைத்துப் போட்டேன். முதல் இருபது நொடி எனக்கு உடம்பு சிலிர்த்தது. ரதி ஒரு பக்கம் நடக்கிறாள், தப்பு இன்னொரு பக்கம் நடக்கிறது, இரண்டு பேரும் ஒரே ஊருக்குப் போகிறார்கள். அதற்கு அப்புறம் விலகத் தொடங்கியது. ஒரு நிமிடம் ஆனபோது இரண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லை.

காரணம், 78 என்பது சராசரி. அப்பாயி 76-ல் தொடங்குகிறாள். காமன் எரிந்த இடம் வரும்போது 82-க்குப் போய்விடுகிறாள். 78-க்குப் பதில் 80 என்று ஒரு நிமிடம் பாடினாலே இரண்டு தட்டு முன்னால் போயாயிற்று. தவிரவும் பாட்டின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவள் நீட்டி, மூச்சு வாங்கி, தனக்கு வேண்டியபோதுதான் அடுத்த வரியை எடுக்கிறாள். அந்த இடைவெளி ஒரு தடவை அரைத் தட்டு, ஒரு தடவை முக்கால். எண்பத்தொரு வயது நுரையீரல் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அதை யாரும் சரிசெய்யக் கூடாது.

ஆகவே கணினிதான் அவளுக்குப் பின்னால் போக வேண்டும். ரீப்பரில் குரல் டிராக்கின் டைம்பேஸை நேரம் என்று மாற்றினால், நாம் வேகத்தை எப்படி மாற்றினாலும் குரல் அசையாது. அப்புறம் நாலு தட்டுக்கு ஒரு குறி வைத்துக்கொண்டே போக வேண்டும். இங்கே 76.3, இங்கே 77, இங்கே அரைத் தட்டு கூடுதல் என்று. நாலு நிமிடப் பாட்டுக்கு எழுபதுக்கு மேல் குறி வைத்தேன், மூன்று இரவு. வேலை முடிந்தபோது திரையில் இருந்த கட்டங்கள் ஒன்றுகூட ஒரே அகலத்தில் இல்லை. மலைச்சரிவில் வெட்டிய பாத்தி மாதிரி இருந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

தப்பை அந்தக் கட்டங்களுக்குள் உட்கார வைக்க, ஒவ்வொரு அடியிலும் வெட்டினேன். இழுக்கவில்லை, வெட்டி நகர்த்தினேன். வேகம் கூடும் இடத்தில் துண்டுகள் கொஞ்சம் மேலேறும். குறையும் இடத்தில் நடுவே சின்ன ஓட்டை விழும். தோல் அடங்குகிற சத்தம் அதற்குள் முடிந்துவிடுவதால் பெரும்பாலும் தெரியாது. தாள வாத்தியத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அடி கூர்மையாகவே இருந்தது.

அப்படியும் ஒன்று உறுத்தியது. அப்பாயி மூச்சு வாங்கும் இடங்களில் தப்பை நிறுத்தியிருந்தேன். அங்கே மட்டும் தப்பு கழுத்தை நெரித்ததுபோல் செத்துப்போனது. இன்னொரு பக்கம், ஒரே ஒரு அடியைத் தனியாக எடுத்துப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தபோது, அது ஒரு அடியாகக் கேட்கவில்லை. ஒன்றரை அடியாகக் கேட்டது. மைக்கைச் சந்தேகப்பட்டேன், வயரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் மாமாவின் மூலப்பதிவைத் திறந்து, எதையும் வெட்டாமல், முடிவு வரைக்கும் கேட்டேன்.

கடைசி அடி விழுகிறது. மாமா குச்சியை இறக்கிவிட்டார். அமைதி. அந்த அமைதிக்குள் இன்னொரு அடி, மெலிசாக, பஞ்சில் சுற்றிய மாதிரி. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி அடியின் பெரிய முள்ளுக்கு அப்புறம் நேர்கோடு, அதற்கப்புறம் ஒரு சின்ன மேடு. நடுவில் 0.577 நொடி. 104 பிபிஎம்மில் ஒரு தட்டின் நீளம் என்ன? 60-ஐ 104-ஆல் வகுத்தால் அதே 0.577.

எதிரொலி! பேக்டரிச் சுவரிலிருந்து வந்திருக்கிறது. ஆறு நிமிடமும் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் சரியாக அடுத்த அடியின் மேலேயே வந்து விழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை. நான் வெட்டிய ஒவ்வொரு துண்டுக்குள்ளும் முந்தைய அடி ஒளிந்திருந்தது. அதனால்தான் தனியாக எடுத்த அடி ஒன்றரை அடியாகக் கேட்டது. மூச்சு வாங்கும் இடத்தில் நான் தப்பை நிறுத்தியபோது, அங்கே வந்திருக்க வேண்டிய எதிரொலி அடுத்த துண்டுக்குள் மாட்டிக்கொண்டு அதோடு நகர்ந்துவிட்டது. அதனால்தான் அந்தச் சாவு.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பிரட்டுக்களத்தில் நின்றேன். மாமா நின்ற இடத்திலிருந்து சுவர் வரைக்கும் தப்படி போட்டு எண்ணினேன். 130. என் தப்படி முக்கால் மீட்டர் இருக்கும், ஆக ஏறக்குறைய 98 மீட்டர். 15 டிகிரிக் குளிரில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். போய்த் திரும்ப 196 மீட்டர். வகுத்தால் 0.576.

மாமாவிடம் கேட்டேன். "அங்க நின்னு அடிக்கிறப்ப சுவரு திருப்பி அடிக்கிறது கேக்குமா மாமா?"

"கேக்காம? அது மேலயே அடிச்சாத்தான் மாப்ள கை நிக்கும். தள்ளி அடிச்சா ரெண்டு பேரு அடிக்கிற மாதிரி கொழப்பிரும்ல." அவருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "அந்தச் சுவருக்கு அந்த வேகம்தான். கோயில் வாசல்ல அடிச்சா வேற."

எனக்கு ரொம்ப நேரம் வேறு யோசனை ஓடவில்லை. 104 என்பது மாமாவின் வேகம் என்று நினைத்திருந்தேன். அது அந்தத் திடலின் வேகம். ஒரு பதிவுக்குள் இருக்கும் எதிரொலி, அறையின் அதிர்வு எல்லாமே அதன் வேகத்தை உள்ளே பூட்டிவைத்திருக்கின்றன. நீங்கள் யாருடைய பதிவையோ எடுத்து வேறு வேகத்தில் சேர்க்கும்போது, வாத்தியம் நகர்ந்துவிடும், அது ஒலித்த இடம் நகராது. இணையத்தில் வாங்கும் டிரம் லூப்களும், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டுகளும், அப்படித்தான். ரிவெர்பும் (அறையின் முழக்கம்) டிலேயும் (எதிரொலி) உள்ளேயே கலந்த லூப்பை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். எதுவும் கலக்காத உலர்ந்த பதிவைத் தேடுங்கள், இடத்தை நீங்களே பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே மறுபடியும் பதிவு. இந்தத் தடவை மாமா வீட்டு அறையில், மூன்று சுவரிலும் கம்பளி தொங்கவிட்டு, கதவுக்கு மெத்தையைச் சாத்தி. பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், பாப்பாவைத் தூங்க வைத்துவிடாதீர்கள் என்று. மைக்கைத் தப்பிலிருந்து ஒரு கை தூரத்தில், தோலுக்கு நேராக இல்லாமல் சாய்வாக வைத்தேன். தப்பை அடுப்பில் காட்டிச் சூடேற்றினோம்.

முதலில் மெட்ரோனோம் கொடுத்தேன். அப்பாயியின் கட்டங்களைப் பின்தொடர்ந்து மேலும் கீழும் போகும் கிளிக். மாமா ஒரு நிமிடம் முயன்றுவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இது எங்க திரும்பும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அக்கா மாமியாரை மட்டும் போடு." சரி என்று கிளிக்கை எடுத்துவிட்டு அப்பாயியின் குரலை மட்டும் போட்டேன். வயர் ஹெட்போன்தான், இதில் கவனம் தேவை. முந்தின வாரம் ஒரு ஒத்திகையில் ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிவிட்டு, மாமா ஒவ்வொரு அடியையும் 0.2 நொடி பிந்தி அடிக்கிறார் என்று அவரிடமே குறை சொல்லியிருந்தேன். பிந்தியது ஹெட்போன்.

குரலை மட்டும் கேட்டு மாமா அடித்தது இன்னும் என் கண்முன் நிற்கிறது. பாட்டின் முதல் வரி முழுக்க அவர் அடிக்கவே இல்லை. குச்சி இரண்டும் தோலுக்கு ஒரு விரல் மேலே நின்றன. இரண்டாவது வரியில் சிண்டுக்குச்சி மட்டும் உள்ளே வந்தது. அப்பாயி நீட்டி முடிக்கும் இடத்தில் அவர் தோளும் கூடவே ஏறியது. அவள் மூச்சு வாங்கும்போது இவரும் வாங்கினார். 82-க்குப் போன இடத்தில் ஒரு அடியைக்கூட அவசரமாக அடிக்கவில்லை, எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போதும் மூன்றுக்கு நாலுதான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கணக்குப் போட்டுச் சொன்னபோது, "ஆமா, ரதி நட, தப்பு நட" என்றார், அவ்வளவுதான். ஒரே டேக். ஒரு அடியைக்கூட வெட்டவில்லை.

மூன்று இரவு உட்கார்ந்து நான் வைத்த எழுபது குறிக்கும் வேலை இல்லாமல் போனது என்று சொல்ல மாட்டேன். எதிரொலியைச் சேர்க்கும்போது அவைதான் அளவுகோல் ஆயின.

எதிரொலியை டிலே கருவியால் சேர்த்தேன். அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்குள் கீச்சென்ற சத்தத்தைக் காற்று கொஞ்சம் விழுங்கிவிடும் என்பதால் மேல் அதிர்வெண்களைக் குறைத்தேன். டிலேயைப் பாட்டின் வேகத்தோடு பூட்டிவைக்க ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் எதிரொலி எப்போதும் அடுத்த தட்டின் மேல் சரியாக விழும். அழுத்திக் கேட்டேன், சுத்தமாக இருந்தது. அப்புறம் பட்டனை விடுவித்து 577 மில்லி நொடி என்று கையால் அடித்தேன். அப்பாயி 76-ல் போகும்போது எதிரொலி 15 மில்லி நொடி முந்தி வருகிறது. 82-ல் போகும்போது 28 மில்லி நொடி பிந்தி வருகிறது. காமன் எரிகிற இடத்தில் தப்பின் ஓரம் லேசாகத் தடிக்கிறது, யாரோ கூட்டத்துக்குப் பின்னால் நின்று கூட அடிப்பதுபோல. அதை அப்படியே விட்டேன். பாடுகிறவள் வேகத்தை மாற்றலாம், அடிக்கிறவர் கூடவே போகலாம், சுவர் எங்கே போகும்?

மூச்சு வாங்கும் இடங்களில் இப்போது தப்பு சாவதில்லை. அடி நிற்கிறது, அரை நொடி கழித்து அது தூரத்திலிருந்து திரும்பி வருகிறது, அதற்கு மேல் அப்பாயி அடுத்த வரியை எடுக்கிறாள்.

போன ஞாயிறு சாயங்காலம் தாழ்வாரத்தில் ஸ்பீக்கரை வைத்து அப்பாயிக்குப் போட்டுக் காட்டினேன். மாமாவும் இருந்தார். அப்பாயி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, முழுசும் கேட்டாள். முடிந்ததும், "தப்பு இம்புட்டுக் கிட்ட நிக்காதுய்யா. ரதி அழுவுறப்ப தள்ளிப் போயி நிப்பாக. சத்தம் மட்டுந்தான் வரும்" என்றாள்.

லேப்டாப்பை மடியில் வைத்து அங்கேயே தப்பின் நேரடிச் சத்தத்தைக் குறைத்தேன், எதிரொலியை விட்டுவைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னாள். இன்னும். கடைசியில் தப்பு எங்கேயோ மேல் லயத்தில் அடிப்பதுபோல் ஆனபோது தலையை ஆட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். மூன்றாவது வரியின் முடிவில், மூச்சு வாங்கும் இடத்தில், எதிரொலி தனியாக வந்து விழுந்தது. அப்பாயி வாயைத் திறந்து அடுத்த வரியைத் தானே எடுத்தாள். ஸ்பீக்கரில் இருந்த அவள் குரலைவிட இன்றைய குரல் மெதுவாக இருந்தது. 72 இருக்கலாம். இரண்டு வரிக்குள் இரண்டும் விலகிவிட்டன.

மாமா ஸ்பீக்கர் பக்கம் திரும்பவில்லை. அப்பாயியின் வாயைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த தேயிலைத் தகர டப்பாவை இழுத்து மடியில் வைத்து, விரலால் அடிக்கத் தொடங்கினார். நான் ஸ்பீக்கரை அணைத்தேன்.